முன் சீட்டு

போடிநாயக்கனூர்

அன்புள்ள மகன் ஈஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் அயர்லாந்தில் நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். விசாரிக்கப்போவதில்லை, விசாரிக்காமலே வைத்துக்கொள்வது உனக்கு அவ்வளவு சுகமாக இருக்கும்போது எனக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். போனில் பேசினால் "அப்படின்னு வச்சுக்கோங்கம்மா, இப்படின்னு வச்சுக்கோங்கம்மா" என்று நடுவில் புகுந்து என் வாயை அடைப்பாய், கடிதத்தில் அது முடியாது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மலையில் நல்ல மழை, ஏலக்காய் இந்தத் தடவை திரட்சியாக இருக்கிறது. உனக்கு அனுப்பலாம் என்று அப்பா ஒரு பொட்டலம் கட்டி வைத்தார், நான் அவிழ்த்து டப்பாவில் கொட்டிவிட்டேன்.

இப்போது உன் தங்கச்சி விஷயம். பானுப்பிரியா எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் போகிற போட்டோவை அவளோடு வேலை செய்கிற பெண் யாரோ ஸ்டேட்டஸில் போட்டாள். இவள் முன் சீட்டில் இருக்கிறாள், பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த ஒரு ஆம்பளைக் கை, அதில் வெள்ளிக் காப்பு. நீ பார்த்தது அவ்வளவுதான். பொம்பளைகள் எல்லாம் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது இவளுக்கு மட்டும் முன் சீட்டு என்றால் டிரைவருக்கு வேண்டியவள், வேண்டியவள் என்றால் பழக்கம், பழக்கம் என்றால் நிச்சயம் பண்ணிய கல்யாணம் ஏமாற்று என்று நீயாகவே ஏறிக்கொண்டு போனாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. ராசிங்காபுரத்து மாப்பிள்ளை வினோத்குமாருக்கே போன் போட்டு, "அவளுக்கு வேற பழக்கம் இருக்குன்னு வச்சுக்கோங்க, பின்னால உங்களுக்குத்தான அசிங்கம்" என்றாய். அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அண்ணனே சொன்ன பிறகு வேறு யாரைப் போய்க் கேட்பார்கள். நிச்சயத்துக்குப் போட்ட சேலையைத் திருப்பி வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு போனார்கள், இவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கை சுருளி அண்ணனுடையது. பேரன் பேத்தி எடுத்த மனிதர். போடிமெட்டு வளைவு ஏற ஏற பானுவுக்குக் குமட்டிக்கொண்டு வரும், பின்னால் உட்கார்ந்தால் அத்தனை பேர் மடியிலும் எடுத்துவிடுவாள். அதனால் அந்தப் பொம்பளைகளே "ஏ ஆத்தா, நீ முன்னாடி போயி உக்காரு, எங்க சேலைய நாறடிக்காத" என்று ஏற்றிவிட்டார்கள். வாந்திக்குக் கிடைத்த சீட்டுடா அது. போட்டோவை இன்னொரு தரம் பார், அவள் மடியில் பாலிதீன் கவர் இருக்கிறது. உனக்குத் தெரியாததா இது, சின்னதில் மூணாறு போகும்போது உன் புதுச் சட்டையில் எடுத்துவிட்டாள் என்று பஸ்சிலேயே அவளை அறைந்தவன்தானே நீ. கணக்கில் 'எக்ஸ் என்று கொள்க' என்று ஆரம்பித்தால் கடைசியில் 'சரிபார்த்தல்' என்று ஒன்று எழுதுவாய், எழுதாவிட்டால் மார்க் போய்விடும் என்று பயப்படுவாய். இரண்டு மார்க்குக்கு இருந்த பயம் கூடப்பிறந்தவள் விஷயத்தில் இல்லை. இந்த லட்சணத்தில் கம்ப்யூட்டருக்கு யோசிக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலையாம் உனக்கு, அதுவாவது உருப்படட்டும்.

சுருளி அண்ணன் கூசிப்போய் முன் சீட்டில் பெண்பிள்ளை யாரையும் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார். பானு பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்தாள், முடியவில்லை. மேலேயே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் தங்கிவிட்டாள், ஊருக்கு இறங்குவதே இல்லை. நீ பங்குனியில் வந்து காலில் விழுந்தால் மன்னித்துவிடுவாள், வேறு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று டிக்கெட் போட்டிருக்கிறாயாம். அப்பாவும் நானும் மேலே போனபோது அவளிடம் சொன்னேன். ஏலக்காய் ஆய்ந்துகொண்டே, "அண்ணன் பொறக்கவே இல்லேன்னு வச்சுக்கிருவம்மா, சோலி முடிஞ்சுச்சு" என்றாள். அப்பா அழுதார். நான் அவளை அதட்டவில்லை, அன்று முழுக்க அவள் சொன்னதை எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன், போகப்போகப் பழகிவிட்டது.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், குளிர்காற்று உனக்குச் சேராது. நன்றாக இரு, பெற்ற வாய்க்கு வேறு சொல்லத் தெரியவில்லை. மறக்காமல் அந்த டிக்கெட்டை ரத்து செய். அம்மா கதவைத் திறப்பாள் என்று வைத்துக்கொண்டு வந்து நிற்காதே.

இப்படிக்கு,
பானுப்பிரியாவின் அம்மா
சந்திரவல்லி