ஓம் என்று எழுதியவளுக்கு

என் கவிக்கு,

டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, பெட்டாலிங் ஜெயா மாலை வகுப்பில் உன் நாற்காலியில் என் பையை வைத்துக்கொள்கிறேன். வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் எனக்குத் தாங்காது.

நேற்று காந்தச் சுற்றுப் பாடம் மறுபடி வந்தது. ரிலக்டன்ஸ். சென்னையிலிருந்து நீ வரவழைத்த புத்தகத்தில் அதைக் 'காந்தத் தடை' என்று போட்டிருந்தார்கள். தடை என்றதும் அலகை 'ஓம்' என்று எழுதிவிட்டாய். சார் சிவப்பு மையில் அடித்தார். அன்று பிரிக்பீல்ட்ஸில் வாழையிலை முன்னால் என்ன சொன்னாய்?

"ஓம்னு முடிச்சா நல்லதுதானே லா, நூரக்கா. மார்க் போனா போவட்டும்."

ரசம் என் மூக்கில் ஏறிவிட்டது.

ஓம் மின்தடைக்குத்தான், கவி. இங்கே கணக்கு வேறு. ஒரு வெபர் காந்தப்பாயம் ஓட, கம்பிச்சுருள் எத்தனை ஆம்பியர்-சுற்று தள்ள வேண்டும்? அதுதான் ரிலக்டன்ஸ்; அதன் அலகு, வெபருக்கு ஆம்பியர்-சுற்று. இரும்பில் பாயம் சுலபமாகப் போய்விடும். நடுவில் நூலளவு காற்று இடைவெளி இருந்தால் போதும், தள்ளுவதில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். சார் பலகையில் மலாய்ச் சொல்லையும் எழுதினார்: எங்கானன். மனம் வராமை.

அதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டேன். கிள்ளானில் உன் அம்மா தனியாக இருக்கிறார். சாப்பிட வரச்சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கிறார். போன ஞாயிறு கொமுட்டர் ரயில் ஏறி, வீட்டு கேட் வரை போய்விட்டேன். கேட்டிலிருந்து வாசல் நாலு எட்டுதான். அதைத் தாண்ட முடியவில்லை. அவர் கண் என் பின்னால் உன்னைத் தேடினால் நான் என்ன செய்வேன்? திரும்பி வந்துவிட்டேன்.

இன்று காலை போன் செய்தார்.

"நூரு, அன்னிக்கு கேட்ல நின்னது நீதானே? சன்னல்ல பாத்தேம்மா. வெளிய வந்து கூப்பிட எனக்கும் கால் வரல. நீ தனியா நிக்கிறதப் பாக்க முடியல."

பிறகு அவரே சொன்னார். "வர்ற ஞாயிறு நான் கேட்டுக்கே வந்து நிக்கிறேன். நீ வந்துரு."

போகிறேன், கவி. இந்த முறை திரும்பமாட்டேன். உன் அம்மா கையால் சாப்பிடுவேன், உன்னைப் பற்றிப் பேசுவேன், அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுவோம். பரீட்சையில் அலகைச் சரியாகத்தான் எழுதுவேன். ஓம் என்ற அந்தத் தப்பு உன்னுடையதாகவே இருக்கட்டும்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
நூர்ஜஹான்