நோகாத கால்

டெரிக்ட அப்பா,

கிளினிக்கில நம்பர் எடுக்க நான் விடியவே போறன். குரக்கன் பிட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில ஸ்டூல்ல மூடி வைச்சிருக்கிறன். சாப்பிட்டுட்டு சுகர் குளிசையைப் போடுங்க. தண்ணியும் அங்கயே இருக்கு. எழும்பி நடக்க வேண்டாம். எட்டு மணிக்கு டெரிக் ஓட்டோவோட வருவான், அவன் தூக்கிக்கொண்டு போகட்டும். வெட்கப்படாதீங்க.

சீனி டின்னைத் தேடாதீங்க. மேல் வீட்டு ஷாமிலாட்ட குடுத்திட்டன்.

சுகர் எண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கே, ஒன்பது செவ்வாய் கோயிலுக்கு வெறுங்காலோட நடந்து வாறன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்திட்டீங்க. நேற்று மூண்டாவது செவ்வாய். செருப்பைப் போடுங்க எண்டதுக்கு, எனக்கு விசுவாசம் இல்லையெண்டு ஏசினீங்க. திரும்பி வந்து, "பாத்தியா, இவ்வளவு தூரம் நடந்தும் கால் நோகேல்ல, அந்தோனியார் கேட்டிட்டார்" எண்டீங்க.

ஸ்டெல்லா

காலில துணி கட்டியிருக்கு. அவிழ்க்காதீங்க. நான் எழும்பேக்க படுக்கை விரிப்பெல்லாம் ரத்தம். ஸ்டூல்ல பேப்பரில சுத்தி வைச்சிருக்கிற போத்தல் கண்ணாடித் துண்டு, உங்கட உள்ளங்காலில இருந்தது. நான் அதை இழுத்து எடுக்கேக்க, நீங்க குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருந்தீங்க.