சிதைப் புகை எண்ணில் சேராத ஓடைமருதூர்

வெண்குன்ற நாடு விளைக. அதன் கோல் வளையாதிருக்க. கோமானின் வலக்கையாய் விளங்கும் பேரமைச்சர் கண்டன் மாறனார் திருமுன்பு, ஓடைமருதூர்க் கிழான் சாத்தன் கூத்தன் விடுக்கும் ஓலை. தங்கள் மாளிகையில் சுற்றமும் செல்வமும் தழைக்க.

ஓடைமருதூர் ஆளில்லாப் பாழூர் என்றும், அதன் நிலமும் ஏரியும் இனிக் கீழைப்பாடியைச் சேர்ந்தவை என்றும் அரண்மனையிலிருந்து வந்த ஆணையை, ஊர் நடுவே நின்று கிழானே உரக்கப் படித்தான். கேட்டிருந்தவர் அனைவரும் உயிரோடுதான் இருந்தனர்.

காலை அடுப்புப் புகையைக் கொண்டு குடிகளை எண்ணுவது நம் நாட்டு முறை. எண்ண வருபவர் ஊருக்குள் புகுந்தால் விருந்துண்ண நேரும், விருந்துண்டால் எண்ணிக்கை வளையும் என்பதால், ஏரிக்கரையில் நின்றே எண்ண வேண்டும் என்று முன்னோர் விதித்தனர். அதில் கிழானுக்குக் குறையில்லை. ஆனால் சிதை எரிந்து அடங்கும்வரை ஊரில் எவர் வீட்டிலும் உலை ஏறாது என்பதும் நம் நாட்டு முறைதான். தங்கள் கணக்கர் கரையில் நின்ற காலையில் ஊர் முழுதும் சுடுகாட்டில் இருந்தது. தெற்கே எழுந்த ஒரே புகையை அவர் கண்டிருக்கிறார். அடுப்புப் புகை அன்று என்று விட்டுவிட்டார்.

அச்சிதையில் எரிந்தவன் கிழானின் மூத்த மகன் பூதி. வடவெல்லைக் காவலில் கோமானுக்காக அம்பேற்று, மாட்டு வண்டியில் ஊர் திரும்பியவன்.

முறையிடச் சென்ற கிழானிடம், "ஆள் இருந்தால் பசிக்கும், பசித்தால் அடுப்பு எரியும், எரியவில்லையே" என்று கணக்கர் வெற்றிலை மடித்தபடியே கூறினார். பாழூரின் முத்திரை செல்லாதாம்; நிலத்துக்கு உரியரான கீழைப்பாடியார் முத்திரையிட்டு விண்ணப்பித்தால் மறுமுறை எண்ணலாமாம். முத்திரை கேட்கக் கிழான் அங்கே போகவில்லை. நாற்று கருகுவது பொறாமல், மடை திறக்கச் சொல்லவே போனான். அவ்வூர்த் தலைவர் ஆதனார் இருக்கை இட்டு அமர்த்தி, "பாழூரில் நடவுக்கு யாரய்யா வரப்போகிறார்கள், பேயா?" என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். தன் பாட்டன் வெட்டிய ஏரியின் நீரை இரந்து பெற மனமின்றிக் கிழான் எழுந்து வந்தான். மடை இன்னும் மூடிக் கிடக்கிறது.

இந்நிலையில் நேற்றுப் படைத்தலைவரிடமிருந்து வேறோர் ஓலை வந்தது. மாண்ட பூதிக்கு ஈடாக, ஓடைமருதூர்க் கிழானின் இளைய மகன் சேந்தனை உடனே காவலுக்கு அனுப்புமாறு கட்டளை. ஊர்ப் பெயர் அதில் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. சோறு உண்ணும்போது இல்லாத ஊர், சாக ஆள் கேட்கும்போது இருக்கிறது.

கேட்ட ஆளை மறுத்த வழக்கம் இக்குடிக்கு இல்லை. ஏட்டில் ஊர் இல்லை என்பதால் கீழைப்பாடியான் என்று பெயர் எழுத மகனைக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. சேந்தனின் தாய் ஒரு சொல்தான் சொன்னாள்: "மூத்தவன் செத்து ஊரைத் தொலைத்தான், இவனாவது ஊர்ப்பேரோடு போகட்டும்."

இவ்வோலையைத் திருமுன்பு கொணர்ந்து நிற்பவன் அந்தச் சேந்தனே. கீழே இட்டிருப்பது ஓடைமருதூர் முத்திரை. இது செல்லுமாயின், ஊரை மீண்டும் ஏட்டில் ஏற்றி, மடையைத் திறப்பித்து, இவனை ஓடைமருதூரான் என்றே படையில் நிறுத்துக. செல்லாதாயின், இல்லாத ஊரிலிருந்து எவனும் வரவில்லை என்று படைத்தலைவருக்கு எழுதி, இவனை இவன் தாயிடம் திருப்பி அனுப்புக.

இப்படிக்குத் தன் கையால் முத்திரையிட்டான், ஓடைமருதூர்க் கிழான் சாத்தன் கூத்தன். கோமான் நெடிது வாழ்க.