நின்றுகொண்டு பேசிய பூதம்

என் வசந்தி மச்சாளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதே. ஊர் அடங்கி எவ்வளவோ நேரமாகிவிட்டது. பகலில் எழுதலாமென்றால் தனு என் மடியை விட்டு இறங்குகிறாள் இல்லை. உன் அண்ணன் விளைந்த நெல்லுக்குக் காவல் என்று வயல்வட்டைக்குப் போய்விட்டார். விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, மண்ணுக்குள் போய்விட்ட உனக்கு எழுதுகிறேன்.

உன் பாலர் பாடசாலைக்குப் புது ஓலை போட்டாயிற்று. பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் வாசல் பக்கம் ஒருவரும் இருப்பதில்லை. பூதப் படம் போடச் சொல்லி எவரும் கேட்பதுமில்லை.

அந்தப் படம் வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? ஆரையம்பதியில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, வள்ளத்தில் ஏற்றி, வாவியைக் கடந்து கொண்டு வந்தோம். வெளிநாட்டுக் காட்டூன் படம். கிணற்றுக்குள் ஒரு தொப்பைப் பூதம். அதைத் தேடி வரும் குட்டி இளவரசி. பேச்செல்லாம் இங்கிலிசு. பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்க, நீ என் விலாவில் இடித்தாய்.

"என்னகா சொல்லுது அது? நீதானே இங்கிலிசு படிச்சவ."

"ஆயிரம் வருசமாத் தனிய இரிக்கிதாம். மனசு நோவுதாம்."

"பாவம். அதை விடு. சத்தத்தக் குறை."

குறைத்தேன். நீ டீவிக்குப் பக்கத்தில் எழும்பி நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்து, மூக்காலும் வயிற்றாலும் ஒன்றாக வருவது போல ஒரு குரல் எடுத்தாய். "அடியே இளவரசி, வெறுங்கையோடயா வந்த? பிட்டும் மீன் சொதியும் எங்க?" பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்கு அடிவயிறு நொந்தது.

படத்தில் இடி இடிக்கும். பூதம் பொத்தென்று குப்புற விழும். அந்த இடத்தில் நீ கத்தினாய்: "படுங்க எல்லாரும்! மூக்கு மண்ணில முட்டட்டும்! கடைசியாப் படுக்கிற ஆள்ர பிட்டு எனக்கு!" அத்தனை பிள்ளைகளும் விழுந்து படுத்தார்கள். இடி ஓய்ந்ததும், "எழும்புங்க, என்ட தொப்பையக் காணல்ல, தேடித் தாங்க!" என்றாய். வெறும் பகிடி என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை அக்கரை ஆமி முகாமிலிருந்து ஷெல் குண்டு குத்துகிற சத்தம் கேட்டது. குத்தியதற்கும் விழுவதற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சில் உன் பூதம் கத்தியது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படுத்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தானே காப்பாற்றினாய்?

உன் கடைசி நாளிலும் வாசலில் நின்றுதான் சொன்னாய். ஷெல் முற்றத்தில் விழுந்தது. ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. நின்றது நீ ஒருத்திதான். ஏன் நின்றாய் என்று உன்மேல் கோபப்படுகிறேன். பிறகு, எல்லாரும் படுத்துவிட்டார்களா என்று பார்க்க ஒரு ஆள் நிற்கத்தானே வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

நான் ஓடி வந்தபோது மற்றப் பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தனு மட்டும் மூக்கை மண்ணில் வைத்தபடி கிடந்தாள்.

"எழும்பு மகள்."

"பூதம் இன்னும் எழும்பச் சொல்லல்ல அம்மா."

கிடந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தேன். உன்னைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. அவள் கண்ணைப் பொத்தினேன். பார்த்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் நீ அறிவாய். நீ அறியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அக்கரையில் குத்துகிற சத்தம். நான் வாய் திறக்கும் முன் என் முதுகுக்குப் பின்னால் உன் குரல். உன் குரலேதான், மச்சாள். "படுங்க எல்லாரும்! மூக்கு மண்ணில முட்டட்டும்!" நான் யோசிக்கவே இல்லை. விழுந்து படுத்தேன். படுத்த பிறகுதான் தலையைத் திருப்பினேன்.

தனு வாசலில் நிற்கிறாள். இடுப்பில் ஒரு கை. உன்னைப் போலவே.

ஷெல் வயலுக்குள் விழுந்தது. அவள் அசையவில்லை. நான் படுத்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எழும்புங்க, என்ட தொப்பையக் காணல்ல" என்றும் சொல்லி முடித்தாள்.

"ஏன் மகள் நீ படுக்கல்ல?" எழும்பி ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

"பூதம் படுக்கப்படாது அம்மா. மாமி நிண்டுதானே சொன்ன?"

"படத்தில பூதமும் படுத்ததுதானே?"

"அது இங்கிலிசுப் பூதம். நம்மட பூதம் நிக்கும்."

இனி நானே பூதம், நீ படுக்க வேண்டும் என்றேன். "சொல்லிக் காட்டுங்க பாப்பம்" என்றாள். சொன்னேன். "அது பூனை" என்றாள். மூன்று வயதில் உன் பகிடி அப்படியே அவளுக்கு. ஆனால் ஒரு வாக்குத் தந்தாள்: "சரியாச் சொன்னா நான் படுக்கிறன்."

இன்று பகல் அவளை மடியில் வைத்தபடி சொல்லிப் பார்த்தேன். இப்போது குசினியில் அடுப்பருகே மண்ணில் குப்புறப் படுத்தும் சொல்லிப் பார்த்தேன். நெஞ்சு அமுங்குகிறது, குரல் தொண்டையை விட்டு வருகிறதில்லை. எழும்பி நின்றால் கொஞ்சம் வருகிறது. நிற்க எனக்குப் பயம், மச்சாள். உன் அளவு துணிச்சல் எனக்கு எப்போது இருந்தது?

ஆனாலும் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். உன் மருமகளிடமிருந்து அந்தக் குரலை வாங்கிவிடுவேன். படுத்துக்கொண்டு சொல்லப் பழகுவேன். பழகும் முன் அடுத்தது வந்தால், நின்றே சொல்வேன். அவள் படுத்தால் போதும்.

ஒன்றை மட்டும் சொல். அதை மூக்கிலிருந்து எடுத்தாயா, வயிற்றிலிருந்தா? படுத்துக்கொண்டும் அது வருமா? கெதியாகப் பதில் போடு.

தனுவின் தாய்,
உன் மச்சாள்
ராஜி