நாட்டுக்குக் கிடைத்த தவணை

கொழும்பு

அப்பச்சிக்கு, உங்கள் மகன் சொக்கலிங்கம் வணங்கி எழுதுவது. உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா? ஆத்தாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று ஒரு வேடிக்கை. நம் காரைக்குடி வீட்டை அடமானம் பிடித்திருக்கும் மெய்யப்பன் மாமாவுக்கு போன் போட்டேன்.

"கடனைக் கட்ட முடியலைன்னு இந்த இலங்கை ஒலகத்துக்கே சொல்லுச்சு மாமா. குடுத்தவுக உக்காந்து பேசி, தள்ளுபடி பண்ணி, வருசக்கணக்குல தவணை குடுத்தாக. எனக்கு ஒரே ஒரு வருசம் குடுங்க."

மாமா சிரித்தார். "நாட்டை யாரும் பூட்ட முடியாது சொக்கு. வீட்டைப் பூட்டலாம்ல?"

நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

உங்கள் அப்பா, நம் ஐயாவும் இதே கொழும்பில்தானே வட்டிக்கு விட்டார்? தவணை கேட்டு வந்தவர்களிடம் என்ன சொன்னார் என்று உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

மாமா வந்தால் சண்டை போடாதீர்கள், காபி கொடுங்கள். ஆத்தாவின் மருந்துகளையும் ரேஷன் கார்டையும் ஒரு பையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இங்கே இரண்டு வேலை பார்க்கிறேன், மூன்றாவதும் கேட்டிருக்கிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தினமும் வாசல் கதவை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்வீர்கள். பூட்டு நம்முடையதுதானா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

சொக்கு