தொப்புளுக்குக் காவல் இருந்த மேஸ்திரி

மாமா,

இன்று காலை வீட்டுக்குள் வசம்பு வாசனை. உங்கள் சின்ன மருமகளுக்கு இரண்டாவதும் பெண் பிறந்து, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மா, பிள்ளை கையில் கட்டச் சொல்லி வசம்பு வளையல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி ஆணியில் மாட்டினேன். மாட்டின கையை முகர்ந்ததும் உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. செத்துப்போன மாமனாரை நினைத்துத் தனியாக நின்று சிரிக்கிற மருமகளை ஊர் என்ன சொல்லும்? சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் செய்துவிட்டுப் போன கூத்து அப்படி.

மரக்காணத்து உப்பளத்தில் நீங்கள் மேஸ்திரி. வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால், நாலு பாத்தி தள்ளி உப்பு வாருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதே குரலில்தான் வீட்டில் குடிக்கத் தண்ணீரும் கேட்பீர்கள். நான் திண்டிவனத்துப் பக்கம் வேர்க்கடலைக் காட்டுக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில், யாரையோ வெட்டப் போகிறீர்கள் என்று நினைத்து உள்ளே ஓடியிருக்கிறேன். பார்த்தால், மோரில் உப்பு இல்லையாம். உப்பளத்து மேஸ்திரி வீட்டில் மோருக்கு உப்பு இல்லை என்றால் கத்தமாட்டீர்களா, பின்னே.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதுதான் வழக்கம். என் அம்மாவோ அந்தச் சமயம் பார்த்து வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். அதனால் என் மூத்தவன் இங்கேயே பிறந்தான், உங்கள் ராஜாங்கத்தில். அவன் பிறந்த அன்றைக்கு மாமியார் என் காதில் ஒன்றைச் சொல்லிவைத்தார். என் வீட்டுக்காரருக்கு முன்னால் உங்களுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்து, தொப்புள் பழுத்து, ஜுரம் வந்து, பால் குடிக்காமல் சுருண்டு, பேர் வைக்கும் முன்னாலேயே போய்விட்டதாம். "உங்க மாமா இப்ப இன்னா பண்ணாலும் ஒன்னும் சொல்லாதம்மா. அந்த பயம் அவரு வயித்துலயே கெடக்குது" என்றார். சரி என்று தலையாட்டினேன். இன்னா பண்ணாலும் என்றால் எவ்வளவு என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா எல்லாருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னார். "தொப்புள்ல ஒன்னும் வைக்கக் கூடாது. எண்ணெ, மஞ்சள், பவுடர், சாம்பல், எதுவும் வேணாம். தொடுறதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. அது காய்ஞ்சு தானா விழும், புடிச்சி இழுக்காதீங்க. சுத்தி செவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ, பிள்ளைக்கு ஜுரம் வந்தாலோ, பால் குடிக்காம சோர்ந்து போனாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

நீங்கள் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி முன்னால் நிற்பதுபோல் நின்றீர்கள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னீர்கள். அவரும் சொன்னார். "அதாவது ஈரம் படக் கூடாது, காத்து படணும், கை படக் கூடாது. அவ்ளோதானே? இது நம்ம உப்பு வேலதாம்மா!" என்று ஒரு குரல் விட்டீர்கள். வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழ ஆரம்பித்தன.

அன்றிலிருந்து என் பிள்ளை உங்களுக்குப் பாத்தியாகிவிட்டான். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்குள் மாமனார் வருவது வழக்கமில்லை என்பதால், கதவுத் திரைக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். அங்கிருந்தே கட்டளை. தொப்புளுக்குக் கீழே துணியை மடித்துக் கட்டச் சொன்னார் நர்ஸம்மா. உங்களுக்கு அந்த மடிப்புக்குப் பேர் வரப்பு. "வரப்பு சரியா இருக்குதா? வரப்புக்கு மேல தண்ணி ஏறக் கூடாது!" ஆண் பிள்ளை அல்லவா, வரப்பையா பார்ப்பான்? மேலே பார்த்து ஒன்றுக்கு அடித்துவிடுவான். உடனே வெளியிலிருந்து, "மழ பேஞ்சிடுச்சு, ஓடியாங்க, ஓடியாங்க!" என்று ஊரைக் கூட்டுவீர்கள். முதல் தடவை பக்கத்து வீட்டுக்காரி நிஜ மழை என்று நம்பி, மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வெகு நாள் வரைக்கும் அவள் உங்களிடம் பேசவில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும். கழுவாமல் ஒருத்தரும் படி ஏற முடியாது. பவுடர் டப்பா கொண்டுவந்த சித்தியிடம், "குடு, நான் போட்டுக்கிறேன்" என்று பிடுங்கி, பிறகு நிஜமாகவே நீங்களே முகத்துக்குப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனீர்கள். தொப்புள் வெளியே தள்ளாமல் இருக்கக் காசு வைத்துக் கட்டச் சொன்ன பெரியவருக்கு, "காச உண்டியல்ல போடுங்க, பிள்ள மேல இன்னாத்துக்கு?" என்று பதில். ஒருத்தர் பொறுக்க முடியாமல் கேட்டார், "ஏம்பா, நாங்க பிள்ளைய பாக்க வந்தோமா, ஆபரேசன் பண்ண வந்தோமா?"

"ரெண்டுக்கும் கை கழுவணும்" என்றீர்கள்.

கருவாட்டுக் கதையை நான் மறக்கவே மாட்டேன். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், முகம் கைகால் எல்லாம் கழுவிக்கொண்டு, வழக்கம்போல் பிள்ளையை வெளியே கொண்டுவரச் சொல்லிக் குனிந்து முகர்ந்தீர்கள். முகம் செத்துப்போனது. "நாத்தம் அடிக்குது" என்றீர்கள். அந்தக் குரல் எனக்குப் புதிது. அவ்வளவு மெதுவாக நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை. நானும் முகர்ந்தேன், அடித்தது. பிள்ளையைத் துணியோடு வாரிக்கொண்டேன். ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் மாமியார் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட, நீங்கள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள். நர்ஸம்மா பிரித்துப் பார்த்தார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, காய்ந்த குச்சி மாதிரி நன்றாக இருந்தது. அவர் நிமிர்ந்து காற்றில் மூக்கை நீட்டி, மெல்ல உங்கள் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நாத்தம் பிள்ளைகிட்ட இல்ல. உங்க மடியில இன்னா வெச்சிருக்கீங்க?"

நெத்திலிக் கருவாடு! மாமியார் வாங்கிவரச் சொன்னதைக் காகிதத்தில் சுற்றி வேட்டி மடியில் செருகியவர், அப்படியே மறந்துவிட்டீர்கள். மாமியார் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் உங்களைத் திட்டின திட்டு இருக்கிறதே! நர்ஸம்மாதான், "பரவால்ல, சந்தேகம் வந்தா தூக்கிட்டு வரணும், அதான் சரி. கருவாட்ட மட்டும் வீட்டுல வெச்சிட்டு வாங்க" என்று சமாதானம் செய்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். சிரிக்க ஆரம்பித்திருந்த நாங்கள் எல்லாரும் அடங்கிப்போனோம்.

இப்படி ஊருக்கே புலியாக இருந்தவர், எலியாக மாறின நாளும் வந்தது. குயிலாப்பாளையத்திலிருந்து உங்கள் அக்கா வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு அத்தை என்பதால் நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தாயில்லாத உங்களை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பையிலிருந்து முதலில் எடுத்தது கொட்டாங்குச்சி. உள்ளே வசம்பைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்த மருந்து, கன்னங்கரேல் என்று.

மாமியார் திரைக்குள் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "அன்னைக்கு மூத்ததுக்கு வெச்சதும் இந்த மருந்துதாம்மா. இவங்கதான் வெச்சாங்க. பாசமாத்தான் வெச்சாங்க. ஆஸ்பத்திரில பாத்துட்டு, கண்டத வெச்சிப் பழுத்துப்போச்சுன்னு உங்க மாமாகிட்ட மட்டும் சொன்னாங்க. இவங்களுக்குத் தெரியாது. சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடியாது. ஏன் என்று அக்கா கேட்பார். கேட்டால் என்ன சொல்வீர்கள்? என் பிள்ளை வயிற்றில் அந்தக் கரி படவும் கூடாது, அக்கா மனசில் அந்தப் பழி விழவும் கூடாது. நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் நானே எழுந்து போய்ச் சண்டை போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வெளியே அத்தை அதட்டிக்கொண்டிருந்தார். "டேய், உனக்கு நான் கழுவிவிட்டவடா. என்னையே கை கழுவச் சொல்றியா? தள்ளு!"

ஊரையே நிறுத்திவைத்த மேஸ்திரியின் குரல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி வந்தது. "அக்கா, அக்கா, அத எங்கிட்ட குடுக்கா. பேரனுக்கு நான் என் கையால வைக்கிறேன். ஆசையா இருக்குது."

என்ன ஆசையோ, அத்தை நம்பிவிட்டார். "பூ மாதிரி வைக்கணும், மேஸ்திரி வேல காட்டாத" என்று கொடுத்தார். முதல் தடவையாக, இருமிக்கொண்டே திரையை விலக்கி உள்ளே வந்தீர்கள். எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நேராகப் பீரோ ஓரத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். பீரோவில் கண்ணாடி இருப்பதை மறந்துவிட்டீர்கள், மாமா. பனியனைத் தூக்கி, அந்தப் பெரிய தொந்தியில், உங்கள் தொப்புளில், கொட்டாங்குச்சி மருந்து முழுவதையும் வழித்து வழித்து அப்பிக்கொண்டீர்கள். பூ மாதிரியெல்லாம் இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிற மாதிரி. பனியனை இறக்கிவிட்டுத் திரும்பி, வாயில் விரல் வைத்து எங்களைப் பார்த்தீர்கள். மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். எனக்குத் தையல் பிரிந்துவிடும் போல் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"வெச்சாச்சுக்கா!" வெளியே மேஸ்திரி குரல் திரும்பிவந்திருந்தது.

ஆனால் விளக்கெண்ணெயில் குழைத்த கரி சும்மா போகுமா? மறுநாள் காலையில் தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டீர்கள். சோப்பு போடப் போட அது வயிறு முழுக்கப் பரவியதே தவிர, போகவில்லை. அத்தை அந்தப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னாடா இது?"

"வயிறு உப்புசமா இருந்துச்சுக்கா. நல்ல மருந்தாச்சே, மிச்சத்த..."

அத்தை சிரிப்பார் அல்லது துடைப்பத்தை எடுப்பார் என்று ஜன்னலில் நான் காத்திருந்தேன். இரண்டும் இல்லை. வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளையின் துணியை விலக்கி, காய்ந்து சுருங்கியிருந்த தொப்புளைத் தொடாமல் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல்கூட, பாண்டிச்சேரி பஸ் ஏறிவிட்டார். தொப்புள் அதன்பாட்டுக்குக் காய்ந்து விழுந்தது. ஆனால் உங்களுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் முழுசாக இல்லை. "அக்கா கோவிச்சிக்கிச்சு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனீர்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்தில் அவரைப் பார்த்தாலும் பேச்சு சாப்பாட்டைத் தாண்டவில்லை. போன மழைக்காலத்தில், உப்பளத்தில் வேலையில்லாத நாளாகப் பார்த்து, ஒருத்தருக்கும் சிரமம் வைக்காமல் போய்ச் சேர்ந்தீர்கள். கடைசி நாட்களிலும் அக்கா வந்துச்சா என்றுதான் கேட்டீர்கள். அத்தையும் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இன்று மத்தியானம் அத்தை வந்தார். வெறுங்கையோடு வந்தார். யாரும் சொல்லாமலே கையைக் கழுவினார். பிள்ளையைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்னு கேட்டா உண்மைய சொல்லுவியா? என் தம்பியோட மூத்த பிள்ள... அது என் மருந்தாலதானே போச்சு?"

கரண்டியைக் கீழே வைத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாமா எங்கிட்ட அப்படி ஒரு வார்த்த சொன்னதே இல்லீங்க அத்த" என்றேன். அது நிஜம்தானே?

"அவன் சொல்லுவானா? சொல்லியிருந்தா, இல்லடான்னு நாலு நாள் சண்ட போட்டு நானே நம்பாம இருந்திருப்பேன். அந்தக் கரிய பிள்ளைக்கு வைக்காம தன் வயித்துல பூசிக்கினு நின்னான் பாரு, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சத அவனுக்குத் தெரியாம வெச்சிக்கினேன். தெரிஞ்சா பாவம், அக்கா மனசு கஷ்டப்படுதேன்னு அழுவான். நல்லா பேசினா வாய் தவறிச் சொல்லிடுவேன்னுதான் ஒதுங்கியே இருந்தேன்."

அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் சேர்ந்து அழுதேன். நடுவில் உங்கள் தொந்தி ஞாபகம் வந்து இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு மறுபடி அழுதோம். நீங்கள் அவரிடம் மறைத்ததும் அவர் உங்களிடம் மறைத்ததும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. நான் வைத்துக்கொள்கிறேன், எனக்குக் கனமில்லை.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை, மாமா.