தாமசினுக்கு எந்தப் பக்கம்

கார்ன்வால், போதகர் இல்லம்
1847 மார்ச் 10, புதன்

அன்புள்ள தங்கை கெசியாவுக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் கர்த்தரின் சமாதானம் உண்டாகட்டும். நீ எக்ஸிடருக்கு வண்டியேறிய மறுநாளே, இன்று காலை, குழந்தை போய்விட்டாள். அழுகைகூட ஒழுங்காக வரவில்லை. என்ன எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

திங்களன்று அவளுக்கு இழுப்பு வந்தபோது உன் அத்தான் சபையில் ஒரு நோயாளிக்கு ஜெபம் சொல்லப் போயிருந்தார். நீ வெந்நீருக்கு ஓடினாய். நான் பயந்துபோய்க் குவளைத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினேன். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாமே. நீ உள்ளே வருவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். ஞாயிறன்று சபைமுன் முறையாகச் செய்துவிடலாம் என்றார் அத்தான். அதற்கென்று ஞானப்பாட்டு வேறு எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறுவரை இருப்பாள் என்று நானும் நம்பினேன், பாவி.

இப்போது என்னை உட்காரவைத்துக் கேட்கிறார்: "தண்ணி ஊத்தினே, சரி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு வாய்விட்டுச் சொன்னியா ஹெஸ்டர்?" சொன்னேனா? தாமசின் என்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது நினைவிருக்கிறது. மற்றது ஒரு நேரம் சொன்னதுபோல் இருக்கிறது, ஒரு நேரம் இல்லை.

சொல்லாவிட்டால் அது ஞானஸ்நானம் ஆகாது. அடக்க ஜெபம் கிடையாது, ஞானஸ்நானம் பெறாதவர்களை வைக்கும் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலைதான். போன குளிர்காலத்தில் ரொட்டிக்கடை பாஸ்கோவின் மனைவி பெற்ற பிள்ளை ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்தபோது அத்தான் அங்கேதான் வைத்தார். ஆறுதலாக அவர் எழுதிக்கொடுத்த கவிதையை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கவிதை வேணாங்கய்யா, ஒரே ஒரு ஜெபம் சொல்லியிருக்கலாம்" என்றாள். இன்று முதலில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

குழிவெட்டும் பெங்கெல்லி வாசலில் நிற்கிறார். "வடக்கு மூலையா, கோயிலுக்குத் தெக்கயா? சொன்னாத்தானேம்மா மண்வெட்டிய எடுக்க முடியும்?" என்கிறார். சனிக்கிழமைவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அத்தானோ, "சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நான் ஜெபத்த வாசிக்கிறேன்" என்று கெஞ்சுகிறார். பரலோகத்தைப் பற்றி அத்தனை பாட்டு எழுதிய மனிதருக்கு என் ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது. கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

வெந்நீரோடு நீ கதவருகே வந்தபோது நான் சொன்னது உன் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் உடனே அத்தான் பெயருக்கு எழுதிப் போடு, வெள்ளிக்கிழமைத் தபாலில் வந்துவிடும். விழவில்லையென்றால் எழுதாதே, கெசியா. தபால் தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாற்றட்டும். அவர்களைச் சாப்பிடக் கூப்பிடும்போது ஒருதரம் தாமசின் என்றும் கூப்பிடு.

உன் அக்கா,
ஹெஸ்டர்